திங்கட்கிழமை கைமாறும் போன்

எங்கள் குடிசைவாசிகள் சங்கத்தின் உதவி எண்ணுக்கு இன்னமும் அந்தப் பழைய பட்டன் போன்தான். மஞ்சள் துணிப்பைக்குள் கிடக்கும். அலறினால் ஜீவனஹள்ளித் தெருவே திரும்பிப் பார்க்கும். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் செயலாளர் அக்காவின் வலது கைதான் நினைவுக்கு வரும்.

குடிசையை இடிக்க வண்டி வந்து நிற்கிறது, வீட்டுக்காரரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள் என்று எந்த நேரத்திலும் அழைப்பு வரும். ஒரு வாரம் அதைச் சுமந்தவர் மனசு ஒரு வழியாகிவிடும். அதற்காக அக்கா ஒரு வழக்கம் கொண்டுவந்தார். திங்கட்கிழமை காலை போன் கைமாறும். கொடுக்கிறவர், அந்த வாரத்தில் தம்மை விட்டு அகலாத ஒன்றைச் சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் புத்தி சொல்லக்கூடாது. பிறகு டீயும் பேக்கரியின் கார பன்னும். கொடுத்தவர் அன்று வீட்டுக்குப் போய்விட வேண்டும். நான் வக்கீல், இதெல்லாம் வெட்டி வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு திங்களன்று, இடிபாட்டுக்குள் பள்ளிச் சீருடையைத் தேடிய சிறுமியைப் பற்றிச் சொல்லும்போது தேம்பி அழுதுவிட்டேன். யாரும் புத்தி சொல்லவில்லை. ஆட்டோ ஓட்டும் அண்ணன் மட்டும் பன்னை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

அக்காவுக்கோ அது ஊருக்குத்தான் உபதேசம். ஒருத்திக்குக் காய்ச்சல், இன்னொருவர் வீட்டில் கல்யாணம் என்றால் அந்த முறையையும் தானே வாங்கிக்கொள்வார். சொல்ல வேண்டிய திங்கள் வந்தால், "எனக்கென்னப்பா, சும்னே, சும்மா போன் எடுக்கிறவ" என்று சிரித்து மழுப்புவார். தெருவில் ஸ்கூட்டர் ஹாரன் கேட்டாலே அவர் வலது கை பைக்குள் பாயும். எல்லோரும் பார்த்தோம். அவர் இல்லாமல் சங்கம் ஓடாது என்று நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம்.

ஒரு திங்கள், கூட்டத்தின் நடுவே போன் அலறியது. அக்காவின் கை பைமேல் இருந்தது; எடுக்கவில்லை. அது அலறிக்கொண்டே இருந்தது. "என்னால ஆகலப்பா. இதை எடுத்தா நான் செத்துடுவேன் போல இருக்கு" என்றார். ஆட்டோ அண்ணன் பையை எடுத்து, "சொல்லும்மா, எந்த ஏரியா?" என்று பேசியபடி வெளியே போனார். நான் பன்னை அக்கா பக்கம் நகர்த்தினேன்.

திரும்பி வந்த அண்ணன், "அக்கா, வீட்டுக்குப் போங்க. நாங்க கூப்பிடற வரைக்கும் வராதீங்க" என்றார்.

"என்னை ஒதுக்கறீங்களா?" என்று அக்கா சீறினார்.

"நீங்க போட்ட ரூல்ஸ்தானே? உங்களுக்கு மட்டும் தனியா ஒண்ணா?"

அக்கா பல நாள் எங்களோடு பேசவில்லை. நாங்களும் விடவில்லை. மனநல ஆலோசகரிடம் போகும்போது ஒருத்தி துணைக்குப் போனாள். மற்றவர்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோனோம். அவர் வீட்டில் சங்கப் பேச்சு எடுக்கக்கூடாது என்பது கட்டளை. இங்கே போனை எடுத்துத் தடுமாறினோம், சண்டை போட்டோம். ஆனாலும் சங்கம் ஓடியது.

மழைக்காலம் முடிந்து அக்கா திரும்பினார். இப்போது எல்லோரையும் போல அவருக்கும் ஒரு முறைதான்.

இன்று திங்கள். பையை என்னிடம் கொடுத்தார். தன்னை விட்டு அகலாததை மழுப்பாமல் சொன்னார், அழுதார், கண்ணைத் துடைத்துக்கொண்டு பன்னைத் தின்றார். வாசலில் அவர் செருப்பு மாட்டும்போது போன் அலறியது. நாங்கள் எல்லோரும் அந்த வலது கையைத்தான் பார்த்தோம். அது செருப்பு வாரை நிதானமாக இழுத்து மாட்டிக்கொண்டிருந்தது.

"எடுங்கப்பா, யாரோ காத்துட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார். நான் எடுத்தேன்.