இருபத்து மூன்று கோடுகள்

ஐந்தாம் வகுப்பில் எனக்குப் பாடம் எடுத்தது என் அம்மாதான். நாமகிரிப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் கால்மணி நேரம் போய் இறங்கினால் இரண்டு பக்கமும் மரவள்ளிக்கிழங்குக் காடு, நடுவில் எங்கள் தொடக்கப் பள்ளி. அம்மாவும் நானும் ஒரே பஸ்ஸில் போவோம். பஸ்ஸை விட்டு இறங்கும்வரை அவளை அம்மா என்று கூப்பிடலாம். இறங்கிய பிறகு டீச்சர். இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. மறுநாள் நடத்தப்போகிற பாடத்தை முந்தின சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மா என்னிடம் ஒருமுறை சொல்லிப் பார்ப்பாள். அதனால் வகுப்பில் அவள் கேள்வியை முடிப்பதற்குள் என் கை மேலே போய்விடும். முப்பத்தொரு பேர் இருந்த வகுப்பில் நான்தான் கெட்டிக்காரி என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை, மற்றவர்களுக்கும் இல்லை.

ஆடி முடிந்த சமயம், ஒரு வியாழக்கிழமை காலையில் ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்தார். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. பக்கத்து ஊர்ப் பள்ளியில் டீச்சர் என்றார்கள். நேராக எங்கள் வகுப்புக்கு வந்து, கடைசி பெஞ்சில் பூங்கொடிக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, மடியில் நோட்டை விரித்துக்கொண்டார். இவர்கள் நம் வகுப்பைப் பார்க்க வந்திருக்கிறார்கள், நீங்கள் எப்போதும் போல இருங்கள் என்று அம்மா எங்களிடம் சொன்னாள். எப்போதும் போல இருக்க அவளால்தான் முடியவில்லை. கரும்பலகையில் எழுதிய தலைப்பையே இரண்டு தடவை அழித்து எழுதினாள். பதினெட்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறவள் அவள்.

எனக்குப் பக்கத்தில் இருந்த முருகேசன் காதோரம் வந்து சொன்னான்: "யாரோ பெட்டிசன் போட்டுட்டாங்களாட்ட இருக்குது. உங்கம்மாவ வேற ஊருக்கு மாத்தீருவாங்க."

அவன் பெரியப்பா வீட்டில் யாருக்கோ அப்படி நடந்திருந்ததாம். அம்மாவைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு என்மேல் விழுந்துவிட்டது என்று தோன்றியது. ஒரு கேள்விக்குக்கூட பதில் வராமல் போகக்கூடாது, அவ்வளவுதான். அன்று காலை முழுக்க அம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் நானே எழுந்து பதில் சொன்னேன். மற்றவர்களைப் பார்த்துக் கேட்டதற்கும் சொன்னேன். அம்மாவும் யாராவது ஒரு நொடி தயங்கினால் என் பக்கம் திரும்பிவிட்டாள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் ஸ்கூட்டி டீச்சர் நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். நோட்டுக்குள்ளிருந்து ஒரு தாள் நீட்டிக்கொண்டிருந்தது. உருவிப் பார்த்தேன். எங்கள் வகுப்பின் படம். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறோமோ அங்கே ஒரு கட்டம், கட்டத்துக்குள் பெயர், பெயருக்குக் கீழே சின்னச் சின்னக் கோடுகள். என் கட்டத்தில் கோடு போட இடம் போதாமல் வெளியேயும் போட்டிருந்தார். எண்ணினேன், இருபத்து மூன்று. முருகேசனுக்கு நாலு. முன்வரிசையில் இன்னும் சிலருக்கு ஒன்று, இரண்டு. கடைசி இரண்டு பெஞ்சிலும் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

அதை மார்க் என்றுதான் நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது? தாளை நாலாக மடித்து ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டேன். திருடுகிறோம் என்ற எண்ணம் துளியும் இல்லை. என்னுடைய மார்க்கை நான் எடுத்தேன்.

அதற்கு ஒரு காரணமும் இருந்தது. அப்பா வந்திருந்தார். அவர் போர்வெல் லாரியில் டிரில்லர். வடக்கே போனால் ஏழெட்டு மாதம் கழித்துத்தான் வருவார், வந்தால் பத்து நாள் இருப்பார். அந்தப் பத்து நாளில் அவரிடம் காட்ட என்னிடம் ஏதாவது இருக்க வேண்டும். அன்று சாயங்காலம் தாளைக் கையில் கொடுத்தேன். அவர் விரல் வைத்து இரண்டு தடவை எண்ணினார். பிறகு செலோ டேப் போட்டு பீரோ கதவில் ஒட்டினார். அம்மா குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு குடத்தோடு உள்ளே வந்தபோது அவர் தாளுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"எம்புள்ளைக்கு இருவத்தி மூணு. பக்கத்துல ஒருத்தரும் வரல பாத்தியா?"

அம்மா குடத்தை இறக்காமலே தாளைப் பார்த்தாள். முதலில் என் கட்டத்தை, பிறகு மற்றக் கட்டங்களை ஒவ்வொன்றாக. குடத்துத் தண்ணீர் சேலையில் வழிந்தது.

"ஆமா. ஒருத்தரும் வரல" என்றாள்.

பிறகு குடத்தை வைத்துவிட்டு, கையைத் துடைத்து, தாள் கிழியாதபடி டேப்பை நகத்தால் மெல்லப் பிரித்தெடுத்தாள். என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. அந்த டீச்சர் இனி வியாழக்கிழமைதோறும் வருவார், அடுத்த தடவை வரும்போது நானே இதைக் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அது மார்க் இல்லை என்றும் சொன்னாள். அப்படியானால் என்ன என்று கேட்டதற்குக் குடத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பாவுக்கும் எனக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமையிலிருந்து அம்மா வகுப்பில் என்னைக் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். என் கை மேலேயே நிற்கும், அவள் கண் என்னைத் தாண்டிப் போகும். வீட்டில் பாடத்தைச் சொல்லிப் பார்ப்பதும் நின்றது. வெங்காயத்தைச் சும்மா உரித்தாள். தாளைத் திருடியதற்குத் தண்டனை என்று முதலில் நினைத்தேன். வியாழக்கிழமை தாளைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்பும் கேட்டேன். ஸ்கூட்டி டீச்சர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அத்தோடு சரியாகிவிடும் என்றிருந்தேன். ஆகவில்லை. அன்று மதியம் இரண்டு பேரும் காலி வகுப்பில் உட்கார்ந்து அந்தத் தாளை நடுவில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பேச்சு கேட்கவில்லை. அம்மாவின் விரல் கடைசி பெஞ்சுக் கட்டங்கள்மேல் போய்ப் போய் வந்தது.

அடுத்த வாரம் ஸ்கூட்டி டீச்சர் வந்திருந்த அன்று பின்னம் நடந்தது. மூன்றில் ஒன்று பெரிதா, நாலில் ஒன்று பெரிதா என்று அம்மா கேட்டாள். நாலுதான் பெருசு என்று வகுப்பே சேர்ந்து கத்தியது. நான் கத்தவில்லை. எனக்கு விதி தெரியும். இடுப்பைத் தூக்கிக்கொண்டு கையை ஆட்டினேன். அம்மா கடைசி பெஞ்சைப் பார்த்து, "பூங்கொடி, நீ சொல்லு சாமி" என்றாள்.

பூங்கொடி செங்கல் சூளையில் வேலை செய்கிற குடும்பத்துப் பெண். பள்ளியில் அவள் குரலை நான் கேட்டதே இல்லை. அவள் எழுந்து நின்றாள், தரையைப் பார்த்தாள். அம்மா காத்திருந்தாள். இத்தனை நேரம் ஒரு டீச்சர் ஒன்றும் பேசாமல் நின்று நாங்கள் பார்த்ததில்லை. யாரோ சிரித்தார்கள். எனக்குத் தொண்டை வரைக்கும் பதில் வந்து நின்றது. அம்மா அப்போதும் என் பக்கம் திரும்பவில்லை.

"மூணுல ஒண்ணுதானுங்க டீச்சர்" என்றாள் பூங்கொடி.

எப்படி என்று அம்மா கேட்டாள்.

"சனிக்கிழமைன்னா எங்கப்பா ஒரு தேங்கா பன்னு வாங்கிட்டு வருமுங்க. நாங்க நாலு பேரு. அக்கா அத்தையூட்டுக்குப் போன அன்னிக்கு மூணே பேரு. அன்னிக்குத் துண்டு பெருசா இருக்குமுங்க."

அம்மா சாக்பீஸை அவளிடம் நீட்டி, பலகையில் அந்தப் பன்னை வரையச் சொன்னாள். பூங்கொடி ஒரு பன்னை மூன்றாகவும் இன்னொன்றை நாலாகவும் வெட்டி வரைந்தாள். கோணலாகத்தான் வரைந்தாள். ஆனாலும் முருகேசன் உட்பட எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. கடைசி பெஞ்சில் ஸ்கூட்டி டீச்சர் ஒரு கோடு போட்டார்.

நான் அழுதேன். பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டதால் யாருக்கும் தெரியவில்லை. இனி எந்தக் கேள்விக்கும் கை தூக்குவதில்லை என்று முடிவு செய்து பத்து நாள் அப்படியே இருந்தேன். ஒருவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வடக்கே திரும்பிப் போயிருந்த அப்பாவிடம், அம்மாவுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று போனில் சொன்னேன். அவர் அடுத்த தடவை வரும்போது கடிகாரம் வாங்கி வருவதாகச் சொன்னார். அம்மா மாற்றலாகவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் அவள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போய் ஸ்கூட்டி டீச்சரின் வகுப்பில் உட்கார்ந்து வந்தாள். அந்த நேரம் ஹெச்.எம். எங்களைப் பார்த்துக்கொண்டார்.

அம்மா ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. இப்போது அஸ்தம்பட்டியில் என்னோடு இருக்கிறாள். போன மாதம் என் மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அந்த ஸ்கூட்டி டீச்சரை யார் அனுப்பினார்கள் என்று கேட்டேன். அந்த டீச்சரை யாரும் அனுப்பவில்லை, பெட்டிசன் எதுவும் இல்லை, நான்தான் வரச்சொன்னேன் என்றாள் அம்மா. அதற்கு முந்தின வருஷம் அவளிடம் ஐந்தாவது முடித்துப் போன ஒரு பையன் பஸ் ஸ்டாண்டில், பஸ்ஸின் பெயர்ப்பலகைக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, இந்த பஸ் ராசிபுரம் போகுமா என்று அவளையே கேட்டிருக்கிறான். தன்னிடம் படித்தவனுக்கு அந்தப் பலகையைப் படிக்கத் தெரியவில்லையே என்று அவளுக்கு மனசு ஆறவில்லை. ஹெச்.எம்.மிடம் சொல்ல வெட்கம். ஒரு பயிற்சி வகுப்பில் பழக்கமான அந்தச் சின்னப் பெண்ணிடம், என் வகுப்பில் வந்து உட்கார்ந்து நான் செய்கிற தப்பைச் சொல் என்று கேட்டிருக்கிறாள்.

"எம்பட கிளாஸ் நல்லாப் படிக்குதுன்னு அத்தன வருசம் நெனச்சிட்டிருந்தேன். அந்த வருசம் பாத்தா, நீ ஒருத்தி சொன்னதத்தான் முப்பத்தொரு பேரு சொன்னதா எடுத்துக்கிட்டிருந்திருக்கறேன்."

அப்புறம், வகுப்பில் என்னைக் கேள்வி கேட்காமல் விட்டது பற்றிக் கேட்டேன். அம்மா சொன்னாள்:

"உம்மூஞ்சியப் பாத்தாத்தான் எனக்குப் பாடம் நடத்தற தெம்பே வரும். அந்தப் பக்கம் திரும்பாம நிக்கறதுக்கு எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு சாமி."

பத்து நாள் கை தூக்காமல் இருந்தேனே, அதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாளாம். பத்து இல்லை, பதினொன்று என்றாள்.