திருத்தணியில் சாக முடியாத சூரன்

சூரனை வதம் செய்துவிட்டு, முருகன் கோபம் தணிந்து வந்து உட்கார்ந்த மலை திருத்தணி. அதனால் கந்த சஷ்டிக்கு மற்ற ஊர்களில் சூரசம்ஹாரம் நடக்கும்போது, இங்கே சாமிக்குக் கூடை கூடையாகப் பூவைக் கொட்டுவார்கள். இந்த மலையடியில் சூரன் சாகக்கூடாது. இதில் எல்லோருக்கும் சந்தோஷம்தான், பஞ்சாட்சரத்தைத் தவிர. அவருக்குத் தொழிலே சூரனாகச் சாவதுதான்.

அறுபத்திரண்டாம் வருஷத்தில், தறியில் உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது என்று பள்ளிப்பட்டில் ஒரு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். முதுகுக்கு ஓய்வாக அவருக்குக் கிடைத்தது, ராத்திரிக்கு மூன்று தரம் தடாலென்று விழுகிற சூரன் வேஷம். வேல் பட்டதும் விழுவார், எழுந்து வசனம் பேசுவார், மறுபடி விழுவார். உயிர் போகக் கால் மணி நேரம் ஆகும். அதற்குள் முருகன் வேஷக்காரர் உள்ளே போய் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்துவிடலாம். மணவூரில் ஜனங்கள் ஒன்ஸ்மோர் கேட்டு, ஒரே ராத்திரியில் இரண்டு தரம் செத்திருக்கிறார். இப்படிச் செத்துச் செத்தே இருபது வருஷம் பிழைத்தார்.

கட்டின மனைவி வரலட்சுமி மட்டும் அதைப் பார்த்ததில்லை. சொந்த அத்தை மகள்தான்; அத்தானைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள்.

"கட்டினவன் சாவறத பாக்க பஸ்ஸு ஏறிப் போவாங்களா பாவா? நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?" என்பாள்.

சுற்றுவட்டாரமே மெச்சிய சாவை இவள் ஒருத்தி பார்க்கவில்லையே என்பது அவருக்குத் தீராத குறை.

எண்பத்திரண்டில் மெட்ராஸ் டி.வி.யில் சஷ்டி நாடகத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள். ஒரு நிமிஷத்தில் செத்துவிட வேண்டும் என்றார்களாம். கெஞ்சிக் கூத்தாடி மூன்று நிமிஷம் வாங்கினார். ஊருக்குத் திரும்பி, "மூணு நிமிஷம் குடுத்துக்கீறாங்க" என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு நடந்த நடை, தவமிருந்து வரம் வாங்கினவர் நடை.

தெருவிலேயே டி.வி. பெட்டி இருந்தது நூல் கடை முதலாளி மணவாளன் வீட்டில்தான். சஷ்டியன்று சாயங்காலம் அவர் கூடத்தில் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். மணவாளன் பெட்டிக்குக் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரமும் காட்டினார். வரலட்சுமி முன்வரிசையில் உட்கார்ந்தாள். நாடகம் தொடங்கி, பெட்டிக்குள் பஞ்சாட்சரம் கர்ஜித்தார்.

"நம்ம பஞ்சாட்சரமா இது? இன்னா மீசைய்யா!"

வேல் புறப்பட்டது. பெட்டிக்கு வெளியே, கூடத்தில் இருந்த பஞ்சாட்சரம் மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேல் பாதி வழி வந்தது. டக்கென்று பெட்டி அணைந்தது. சுவிட்சின் மேல் மணவாளன் கை இருந்தது.

"முதலாளி! இன்னா பண்றீங்க? இப்பதான் நான் சாவணும்!"

"இன்னாய்யா பேசற? தணிகையில, சஷ்டியன்னிக்கு சம்ஹாரமா? தெய்வக்குத்தம் ஆயிடும்."

"நான் மெட்ராஸ்ல போன வாரமே செத்துட்டேங்க!"

"செத்தது மெட்ராஸ்ல. வந்து வுழறது என் கூடத்துல."

ஆங், ஆங் என்று நாற்பது பேரும் தலையாட்டினார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மணவாளன் மறுபடி சுவிட்சைப் போட்டபோது, முருகனுக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தார்கள்.

சாமிக்கே கோபம் தணிந்த ஊரில் பஞ்சாட்சரத்துக்குத் தணியவில்லை. வீட்டுக்கு வந்து, சோறு வேண்டாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். வரலட்சுமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இந்த ஊர்லதானே கூடாது பாவா? பக்கத்தூரு கே.ஜி.கண்டிகைல கூடாதுன்னு யாரு சொன்னாங்க?"

மறுநாள் காலை முதல் ஆளாக பஸ்ஸில் ஏறி இடம் பிடித்தவள் அவள்தான்.

கே.ஜி.கண்டிகையில், டீக்கடைக்கு எதிரே இருந்த களத்துமேட்டில் அவளை உட்காரவைத்தார். துண்டை இடுப்பில் இறுக்கினார். இல்லாத வேல் ஒன்றை மார்பில் வாங்கி விழுந்தார். எழுந்து வசனம் பேசி, மறுபடி விழுந்தார். மூன்றாம் தரம் விழுந்து கைகால் உதறும்போது, டீக்கடையிலிருந்து நாலு பேர் ஓடிவந்தார்கள்.

"ஐயோ, காக்கா வலிப்பு! இரும்பு குடுங்கய்யா கையில!"

ஒருவர் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார். அதைப் பிடித்தபடி, கண்ணைத் திறக்கலாமா கூடாதா என்று சூரன் யோசித்தார்.

"சாவிய எடுத்துக்கினு போங்கண்ணே!" என்று அதட்டினாள் வரலட்சுமி. "இன்னும் அஞ்சு நிமிசம் இருக்குது. அவரு நிம்மதியா சாவட்டும்."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவளுக்குச் சற்றுத் தள்ளி, வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.