கழுவாமல் விட்ட கார்பரேட்டர்

மாமாவின் எஞ்சினுக்கும் எனக்கும் ஒரே மருந்துதான், விளக்கெண்ணெய். எனக்குப் பள்ளி விடுமுறைக்கு ஒருமுறை, வயிறு சுத்தமாக. எஞ்சினுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும், உள்ளே தேயாமல் இருக்க. மூக்கைப் பிடித்து ஊற்ற வேண்டியதில்லை என்பதால் எஞ்சின் என்னைவிட நல்ல பிள்ளை என்று அம்மா சொல்வாள்.

மாமா அம்மாவின் தம்பி. சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் எங்களோடு இருந்தார். தோட்டத்து லோரிகளைப் பழுதுபார்க்கும் கொட்டகையில் வேலை. எண்பதுகளின் தொடக்கம் அது. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட ஆரம்பித்திருந்தார்கள். குடும்பம் குடும்பமாகப் பட்டணத்துக்குப் போய்க்கொண்டிருந்தது ஜனம். எங்கள் வரிசையில் மிஞ்சிய ஒரே பிள்ளை நான். பாண்டி ஆடக்கூட ஆள் கிடையாது. நானே கல்லைப் போட்டு, நானே தாண்டி, நானே தோற்றுப்போவேன். அப்பாவும் அம்மாவும் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, பாலுக்கு மரம் வெட்டப் போனால், அலுத்து வந்து படுப்பார்கள். பாப்பா என்று கூப்பிட்டு என்னிடம் உட்கார்ந்து பேசியவர் மாமா ஒருவர்தான். பத்து வயதில் எனக்கு அது போதுமாக இருந்தது.

மாமாவிடம் ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் இருந்தது. பந்தயத்துக்காக அதை மெத்தனாலில் ஓடும்படி மாற்றிக்கொண்டிருந்தார். மெத்தனால் ஒருவகைச் சாராயம். எஞ்சினை அதிகம் சூடாக விடாது, வேகமும் கொடுக்கும். ஆனால் தீனி அதிகம். பெட்ரோலைப்போல் இரண்டு பங்கு வேண்டும். அதற்காகக் கார்பரேட்டருக்குள் மெத்தனால் போகும் வழியைப் பெரிதாக்க வேண்டும். ஜெட் என்று உள்ளே ஒரு பித்தளைத் திருகாணி இருக்கும். தோட்டுத் திருகு அளவுதான், நடுவில் மயிரிழை ஓட்டை. மாமா ஊசிபோன்ற துளைக்கம்பியை விரலால் உருட்டி உருட்டி அந்த ஓட்டையைப் பெரிதாக்குவார். கொஞ்சம் கூடிப்போனால் ஈயம் வைத்து அடைத்து, மறுபடி முதலிலிருந்து. பொறுமைக்கு மாமாவை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

ஈப்போவில் சுவருக்கு அடிக்கும் சாயம் விற்கிற ஒரு கடையிலிருந்து டின்னில் மெத்தனால் வாங்கிவந்த அன்றே அதில் விளக்கெண்ணெயைக் கலந்துவிடுவார். எஞ்சினுக்காக மட்டுமில்லை. சம்சு என்ற மலிவுச் சாராயம் குடிக்கிறவர்கள் வாடை பிடித்து வந்துவிடுவார்கள். மெத்தனாலைக் குடித்தால் கண் போகும், உயிரும் போகும். விளக்கெண்ணெய் கலந்ததை எப்பேர்ப்பட்ட குடிகாரனும் தொடமாட்டான் என்பது மாமாவின் நம்பிக்கை. அவனும் சிறுவயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தவன்தானே.

ஓட்டிப் பார்த்த பிறகு கார்பரேட்டரைக் கழற்றி என்னிடம் கொடுப்பார். உள்ளே மெத்தனால் தங்கிவிட்டால் உலோகத்தை அரித்து, சுண்ணாம்புபோல் வெள்ளையாகப் பூத்துவிடும். அதைக் கொட்டி, பெட்ரோலில் அலசி, ஜெட்டை ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஓட்டையில் ஒரு பொட்டு வானம் தெரிந்தால் சரி. பெட்ரோல் நாற்றம் அடிக்கிற பெண்ணை எவன் கட்டுவான் என்று அம்மா முனகுவாள். நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

பந்தயத்துக்கு ஒரு வாரம் இருந்தது. ஈப்போவில் மோட்டார் சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு சீன தவுக்கே, இந்த வண்டி ஜெயித்தால் மாமாவுக்குத் தன் பட்டறையில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். அன்று கார்பரேட்டரைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, அடுப்படியில் மாமா அம்மாவிடம் பேசியது எனக்குக் கேட்டது.

“ஜெயிச்சா போயிடுவேன்கா. கடை மேலயே ரூம் இருக்காம்லா.”

அம்மா ஏதோ பதில் சொன்னாள், மாமாவும் ஏதோ சொன்னார். நான் நின்று கேட்கவில்லை. கார்பரேட்டரைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். கொட்டவில்லை, அலசவில்லை. வெளியில் மட்டும் பெட்ரோல் தொட்டுத் துடைத்தேன். கழுவியாச்சா என்று மாமா கேட்டபோது தலையாட்டினேன். அவர் அதைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார், பந்தயத்துக்கு முதல்நாள், சனிக்கிழமை, எடுத்து அப்படியே வண்டியில் பூட்டினார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை. அந்த வாரம் முழுக்க அந்தப் பெட்டிப் பக்கம் போகவே எனக்குப் பயம். ஆனால் மாமா இல்லாத லயத்தை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது.

பந்தயம் ஈப்போவுக்கு வெளியே, மூடிப்போன ஈயச் சுரங்கத்து மணல்வெளியில். மாமாவின் கூட்டாளி லோரியில் எங்களை ஏற்றிப்போனார். நின்ற இடத்தில் எஞ்சின் நன்றாகத்தான் உறுமியது. இரண்டு சுற்று மாமாதான் முன்னால் போனார். மூன்றாவது சுற்றில் முழுதாக முறுக்கினார். சத்தம் மெலிந்து கீச்சென்று நின்றது. தீனி போதாமல் சூடேறிப் பிஸ்டன் வெந்துவிட்டது. மற்றவர்கள் தாண்டிப் போக, மணலில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். வந்ததும் கார்பரேட்டரைத் திறந்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. ஜெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஈயக் குட்டைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன மச்சான், கழுவலியா?” என்றார் கூட்டாளி.

“நான்தான் மறந்துட்டேன்லா” என்றார் மாமா.

திரும்பும்போது லோரியில் மாமாவின் தோளில் சாய்ந்து தூங்கினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன். மாமா போகமாட்டார்.

இரண்டு மாதத்தில் லோரிக் கொட்டகையை மூடினார்கள். மாமா சிங்கப்பூருக்கு, கப்பல் பட்டறை வேலைக்குப் போனார். முதல் தீபாவளிக்கு வந்தார். அப்புறம் கடிதம் வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. நான் வளர்ந்த பிறகு ஒருநாள், அன்று அடுப்படியில் நான் நின்று கேட்காததை அம்மா சொன்னாள். ஈப்போ என்றால் ஒரே பஸ், வாரம் தவறாமல் வந்து பாப்பாவைப் பார்த்துவிட்டுப் போகலாம். அதற்காகத்தான் அந்தத் தவுக்கேயை விடாமல் பிடித்தேன் என்று மாமா சொன்னாராம். ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்கும் எவ்வளவு தூரம் என்று பத்து வயதில் எனக்குத் தெரியாது. போவது என்றால் எல்லாம் ஒரே போவதுதான்.

சிங்கப்பூருக்குக் கிளம்பிய அன்று, பஸ் ஏறுமுன் மாமா குனிந்து என் தலையைத் தடவினார்.

“கார்பரேட்டர் விசயம் யாராச்சும் கேட்டா, மாமா மறந்துட்டாருன்னு சொல்லு பாப்பா. நீ ஒன்னும் மனசுல வச்சுக்காத.”

சரி என்று தலையாட்டினேன். பஸ் தூசி கிளப்பிக்கொண்டு போனது. லயத்துக்குத் தனியாக நடந்து வரும்போது அவருக்காகப் பரிதாபப்பட்டேன். பாவம் மாமா, கழுவுவது என் வேலை என்பதைக்கூட மறந்துவிட்டாரே என்று.