பின்சீட்டு மேளம்

கல்யாணத்துக்குப் பிறகு வந்த ஒரு காய்ச்சலில் என் மனைவிக்கு இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். காது மிஷின் ஹெல்மெட்டுக்குள் அடங்காது என்பதால் பைக்கில் ஏறுமுன் கழற்றிவிடுவாள். பொன்முடியோ கன்னியாகுமரியோ, எங்கே போனாலும் முன்னால் ஸ்பீக்கரில் எனக்குப் பாட்டு; பின்னால் அவளுக்கு ஒன்றுமில்லை.

அந்தப் பெரிய பைக்கில் பின்னாலும் ஸ்பீக்கர் வைக்க ஆசைப்பட்டதும் எனக்காகத்தான். காற்றில் முன் ஸ்பீக்கர் எடுபடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஃபிளாட்டின் பார்க்கிங்கில் சீட்டைக் கழற்றி, அடியில் வயர் இழுத்து, அவள் முதுகு சாயும் மெத்தைக்கு இரு பக்கமும் ஒவ்வொன்றைப் பொருத்தினேன். கிழக்கேகோட்டையில் கோயில் உற்சவத்தன்று போனில் பிடித்திருந்த செண்டைமேளத்தை வைத்தேன். இரண்டும் முழங்கின.

அதற்குள் அவள் காது மிஷினைக் கழற்றி வைத்துவிட்டு ஹெல்மெட்டோடு இறங்கி வந்தாள். "ஏறி உக்காரு, முதுகுல இடிக்குதான்னு பாப்போம்" என்றேன்.

சாய்ந்து உட்கார்ந்தாள். சற்றுப் பொறுத்து இடது பக்கத்தைத் தட்டிக் காட்டினாள்.

"இஞ்ச கொட்டு வரல்லியே."

"என்ன கொட்டு?"

"அந்தப் பக்கம் ஒருத்தர் கொட்டுறார். இந்தப் பக்கம் ஆளில்லை."

நான் இரண்டிலும் காதை வைத்துப் பார்த்தேன். ஒரே சத்தம்தான். அவள் திருப்திக்காக இடது பக்கத்தைக் கழற்றினேன். உள்ளே ஒரு ஸ்க்ரூவை முறுக்க மறந்திருந்தேன்; ஸ்பீக்கர் மெத்தையைத் தாங்கும் கம்பியில் பதியாமல் நின்றிருந்தது. முறுக்கினேன்.

"ம், வந்தாச்சு" என்றாள். அவள் விரல்கள் தொடையில் தாளம் போட ஆரம்பித்தன. மேளம் வேகம் பிடித்தபோது விரலும் வேகம் பிடித்தது. அவள் பார்க்காதபோது சத்தத்தை நிறுத்தினேன். விரல் அப்படியே நின்றது.

"ஏன் நிப்பாட்டினீங்க?"

மேளத்தை மறுபடி போட்டேன்.

விழிஞ்ஞம் வரைக்கும் என் தோளில் தாளம் விழுந்துகொண்டே வந்தது. துறைமுகம் தெரியும் மேட்டில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நான் பின்சீட்டில் ஏறிக் காதுகளைப் பொத்திக்கொண்டு சாய்ந்தேன். முதுகில் லேசான அதிர்வு, எங்கோ லாரி போவதுபோல. அவ்வளவுதான்.

கையை எடுத்து, "ஒண்ணும் தெரியலையே" என்றேன்.

"அவசரப்படாதீங்க. முதல்ல சின்னதாத்தான் வரும்."

மறுபடியும் பொத்திக்கொண்டேன். வெகுநேரம் இருந்தும் அதிர்வு அதிர்வாகவே இருந்தது, மேளமாகவில்லை. அவள் ஸ்பீக்கர்மேல் ஒரு கையை வைத்தபடி, மறு கையால் என் முழங்காலில் ஒவ்வோர் அடியையும் எனக்குத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.