காப்புக் கட்டிய பிறகு

ஆழ்குழாய்க் கிணற்றில் மோட்டார் இறக்கி ஏற்றுவது சின்னக்கருப்புவின் தொழில். கொத்தமங்கலம் பக்கம் எந்தத் தோட்டத்தில் தண்ணீர் நின்றுபோனாலும் முதலில் அவனுக்குத்தான் ஆளனுப்புவார்கள். நாலு ஆள் வேலையை ஒத்தையில் பார்ப்பான். அப்படிப்பட்டவன் மாசியில் மூச்சு முட்டி விழுந்தான். காசநோயால் இருதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்று காரைக்குடி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தார்கள்.

"ஊருக்கெல்லாம் தண்ணி எடுத்துக் குடுத்தேன்ல, எனக்குன்னு கொஞ்சம் ஒதுக்கிக்கிட்டேன்" என்று பார்க்க வந்தவர்களிடம் சிரித்தான்.

மறுபடி மூச்சு முட்டினாலோ, கழுத்து நரம்பு புடைத்தாலோ உடனே கிளம்பி வாருங்கள், நீர் சேர்ந்தால் இருதயத்தை அமுக்கிவிடும் என்று டாக்டர் அவன் மனைவி ஈஸ்வரியிடம்தான் சொன்னார். புருஷன் பிழைத்ததற்கு அவன் பால்குடம் எடுப்பான் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவளும் அவள்தான். பங்குனித் திருவிழாவுக்கு அவன் கையில் காப்புக் கட்டினார்கள். கட்டியவன் திருவிழா முடியும்வரை ஊர் எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது.

கொஞ்ச நாளிலேயே அவனால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்தே கிடந்தான். கழுத்து நரம்பு கயிறு மாதிரி தெரிந்தது. ஈஸ்வரி பார்க்காமல் இல்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருவமாங்க?"

"வெரத அசதிதான். போனா படுக்கப் போட்டுருவாக. காப்போட எல்லைக்கு வெளிய தங்குனா ஆத்தா சும்மா விடுவாளா?"

அவளுக்கும் அந்தப் பயம்தான். கொடுத்த உயிரை ஆத்தா திருப்பிக் கேட்டுவிட்டால்? பால்குடம் நெருங்கிவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று நினைத்தாள். பாவி மகள், அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டாள்.

பால்குடத்துக்கு முதல்நாள் காலை குளிக்கப் போனவன் தொட்டியடியில் சாய்ந்தான். ஆட்டோ காரைக்குடியை எட்டுமுன்னே உடம்பு சில்லிட்டுவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது மூச்சில்லை.

திருவிழா முடிந்தபின் பூசாரி செம்மலை துக்கம் கேட்க வந்தார்.

"முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா தாயி? காப்ப அவுத்து ஆத்தா காலடியில வச்சுட்டு அனுப்பியிருப்பேனே. போன வருசம் என் தம்பிக்குக் குடல்வால் வலி வந்தப்ப அப்பிடித்தான அனுப்புனேன். சீக்காளிய அவ என்னைக்குத் தடுத்தா?"

ஈஸ்வரி அவரையே பார்த்தாள். பூசாரி வீடு அடுத்த தெருதான்.

"ஐயோ, நான் கேக்கலையே" என்று வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதாள்.