அண்ணி கழுவிக் காட்டிய தட்டு

கந்தப்பளையில் தை மாதத்துக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. மெழுகுவர்த்தி போல வெள்ளையாக உறைந்து நிற்கும். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள் இருக்கிற எங்கள் தோட்டத்து லயத்தில் அடுப்பு மூட்டியதும் எல்லார் வீட்டிலும் முதல் வேலை, போத்தலை அடுப்போரம் வைப்பதுதான். தேத்தண்ணிக் கேத்தலுக்கே அதற்குப் பிறகுதான் இடம். கொழும்பிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு அந்தப் போத்தலைப் பார்த்தால் அண்ணியின் ஞாபகம்தான் வரும். வீட்டுப் பெருமையை வீட்டுக்காரர்களே பேசக்கூடாது என்பார்கள். நான் பேசத்தான் போகிறேன்.

அண்ணி கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். உயர்தரத்தில் உயிரியல் படித்தவர். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்துபோக, வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். அந்த மாப்பிள்ளை தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த என் அண்ணன். அம்மாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் அரை மனசுதான். தன்னோடு மலைக்கு வந்து கொழுந்தெடுக்கிற பெண்ணைத்தான் மருமகளாக எதிர்பார்த்திருந்தார். வந்ததோ கொழுந்துக்கூடையைத் தொட்டே பார்க்காத பெண். அண்ணி சுட்ட ரொட்டி ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் மாவாக இருக்கும். அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "படிச்சவங்க சுட்ட ரொட்டி, பாருங்க!" என்று லயம் முழுக்கக் கேட்கும்படி அம்மா சொல்வார். அண்ணியும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குக் கொஞ்சம் முயற்சி தேவைப்பட்டது என்பது பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். நான் அப்போது டவுனில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாலையில் வீட்டுக்கு வந்தால் இந்தக் கூத்தைப் பார்ப்பதே பொழுதுபோக்கு.

அந்த வருஷம்தான் அம்மாவுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. எதையாவது பொரித்துத் தின்றால் துடித்துப்போவார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பித்தப்பை நிறையக் கல் என்றார்கள். பையையே எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, கொஞ்ச நாளைக்கு எண்ணெயைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சிங்களத்தில் சொன்னதை அண்ணன் வந்து தமிழில் சொன்னான். அது லயத்தின் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் ஆயுசுக்கும் எண்ணெயைக் கண்ணில் காட்டக்கூடாது என்று வளர்ந்திருந்தது. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பக்கத்து வீட்டு மாமி மட்டும் அம்மாவின் காதருகே குனிந்து, "பித்தப்பையையே எடுத்துட்டாங்களே அக்கா, இனிமே எண்ண எப்புடி செமிக்கும்? உள்ளுக்குப் போனா போத்தல்ல ஒறையிற மாதிரி ஒறைஞ்சு நின்னுரும்" என்றார். அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். தினம் காலையில் உறைந்த எண்ணெயைப் பார்க்கிறவருக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அன்றிலிருந்து கஞ்சி, அவித்த உருளைக்கிழங்கு, அவித்த காரட். தேங்காய்ப்பால் கிடையாது, முட்டை கிடையாது, தாளிப்பு வாசம் வந்தாலே வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். காயம் ஆறியும் சோறு கூடவில்லை. இரண்டு மாதத்தில் கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குக் கிளம்பிய ஒருநாள் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி நாலடி நடந்தவர், அப்படியே பாதையோரம் உட்கார்ந்துவிட்டார். மலையில் வெறுங்கூடைகூடச் சுமக்க முடியாத கொழுந்துக்காரி என்று தன்னையே பார்த்து வெட்கப்பட்டது முகத்தில் தெரிந்தது. அம்மா எங்களை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போய்க்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. அண்ணனும் நானும் கெஞ்சினோம், திட்டினோம். அம்மா அசைகிற ஆள் இல்லை.

அண்ணி கெஞ்சவில்லை. கிளினிக் நாளில் தானே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். அம்மாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் டாக்டரிடம் நின்று நிதானமாகக் கேட்டிருக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் சேர்க்கலாம், சேர்க்கத்தான் வேண்டும் என்ற பதிலோடு வந்தார். அம்மாவிடம் அதைச் சொல்லியும் பார்த்தார். "டாக்டருக்கு என்ன, அவரு வயிறா வலிக்கப்போவுது?" என்று அம்மா திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. அண்ணியும் விட்டுவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

ஒருநாள் மாலை அம்மா சோற்றைப் பிசைந்து ரெண்டு வாய் தின்றுகொண்டிருந்தபோது கோழி காய்கறிப் பாத்திக்குள் புகுந்துவிட்டது. விரட்டிப் பிடித்து அடைத்துவிட்டு வந்து பார்த்தால், ஆறிப்போன தட்டில் பருப்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். எங்கள் ஊர்க் குளிருக்கு ரகசியம் காக்கத் தெரியாது. அம்மா தட்டைத் தள்ளிவிட்டுக் கத்திய கத்தலில் அடுத்த வீட்டு விளக்குகூட எரிந்தது.

"ஏன்டி, என்னையக் கொன்னு போட்டுறலாம்னு பாக்குறியா?"

அண்ணி அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "ஆமாங்க அத்தை, நான்தான் ஊத்துனேன். தேக்கரண்டியால ஒண்ணு. ஒரு வாரமா தினம் ஊத்துறேன். சொல்லுங்க, வயிறு வலிச்சுச்சா?"

அம்மா வயிற்றைத் தடவிப் பார்த்தார். வலிக்கவில்லை. அதை ஒத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு, அம்மாவின் கையையும் பிடித்துக்கொண்டு, வெளியே பீலிக்குப் போனார். மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக விழுகிற இடம் அது. பக்கத்து வீட்டு மாமியும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். அண்ணி தட்டைத் தண்ணீரில் காட்டித் தேய்த்தார். சோறு போனது, வெள்ளைப் பிசுக்கு போகவில்லை; விரலுக்குத் தகுந்தபடி இடம் மாறியதே ஒழிய தட்டை விடவில்லை. "வயித்துக்குள்ள எப்பவும் சூடு. அதனால எண்ண ஒறையாது. ஆனா தண்ணியோட சேராது, இப்புடித்தான் தனியா நிக்கும்" என்றார். பிறகு கொஞ்சம் சவுக்காரத்தைத் தொட்டுத் தேய்த்தார். தண்ணீர் பால் நிறமாக ஓடி, தட்டு பளிச்சென்று வந்தது. "நம்ம ஈரல்ல ஊறுற பித்தத்துல ஒரு உப்பு இருக்கு. அது செய்யிறது இந்த வேலதான். ஒரு கை எண்ணையப் புடிச்சுக்கும், மறு கை தண்ணியப் புடிச்சுக்கும். பெரிய சொட்டெல்லாம் பொடிப்பொடியாப் போயிரும். அதுக்கப்புறந்தான் செமிக்க வைக்கிற சாறு அதுக்குள்ள பூந்து வேல செய்யும். வெல்லத்தக் கட்டியாப் போட்டா எவ்வளவு நேரம், தட்டிப் போட்டா எவ்வளவு நேரம்?"

"அந்தப் பித்தத்தத்தான் பையோட எடுத்துட்டாங்களே!" என்றார் அம்மா.

அண்ணி லயத்துக்கு மேலே கையைக் காட்டினார். முந்தின வருஷ மழையில் இடிந்துபோன சீமெந்துத் தண்ணீர்த் தொட்டியின் சுவர் அங்கே கிடந்தது. "தொட்டி ஒடைஞ்சப்ப தண்ணி நின்னு போச்சாங்க அத்தை?"

"ஊத்து எங்கடி நிக்கும்? நூலு மாதிரி வந்துகிட்டேதான் இருந்துச்சு. முன்ன மாதிரி ஒரேயடியாத் தொறந்து விடத்தான் முடியல."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"சின்னச் சின்னச் சட்டியா வச்சுப் புடிச்சோம்" என்று சொல்லி முடிக்கும்போதே அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. தன் வாயாலேயே தனக்குப் பதில் சொல்லிவிட்டது அவருக்குப் புரிந்துவிட்டது.

"தொட்டிதாங்க அத்தை போச்சு. ஊத்து உங்க ஈரல்ல இருக்கு. ஒரேயடியாப் பொரிச்சுத் திங்காதீங்க, கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடுங்க. அவ்வளவுதான்."

அம்மா உள்ளே போய் உட்கார்ந்து, வேறு தட்டு கேட்டார். அன்று அந்தப் பருப்பைச் சூட்டோடு தின்று முடித்ததைப் பார்த்துக்கொண்டு நான் கதவோரம் நின்றேன். எனக்குத்தான் கண் கலங்கியது. அண்ணி பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

மறுநாளே எழுந்து ஓடிவிடவில்லை. முதலில் தாளிப்பு, பிறகு தேங்காய்ப்பால், பிறகு முட்டை என்று அண்ணி படிப்படியாகத்தான் கூட்டினார். ஒருநாள் கூடுதலாகிப் போனதில் வயிறு கலங்கி, அம்மா திட்டித் தீர்த்ததும் உண்டு. வேலை முடிந்த பித்த உப்பைக் குடலின் கடைசிப் பகுதி திரும்ப உறிஞ்சி ஈரலுக்கே அனுப்பி, உடம்பு மறுபடி மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது என்று அண்ணி இன்னொரு நாள் சொன்னபோது, "பரவால்லையே, ஒடம்பு ஒன்னைய விடச் சிக்கனமா இருக்கு" என்றார் அம்மா. சித்திரைக்கு முன்பே கூடையோடு மலையேறினார். ஆனால் மருமகளை வாய் நிறையப் பாராட்டினாரா என்றால், இல்லை. ரொட்டி இன்னும் கருகிக்கொண்டுதானே இருந்தது.

அண்ணி பிறகு ஆசிரியர் பரீட்சை எழுதி, இப்போது கொட்டகலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். கிழமை நாட்களில் தாய் வீட்டில் தங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருவார். போன மாதம் பக்கத்து வீட்டு மாமிக்கும் பித்தப்பையை எடுத்தார்கள். வந்த நாளிலிருந்து கஞ்சிதான் என்று கேள்விப்பட்ட அம்மா, முழங்கால் வலியோடு போய் அவரைப் பீலிக்கு இழுத்துவந்து, தட்டில் எண்ணெய் தடவி ஆறவைத்து, தேய்த்துக் காட்டினார். ஒரு கை எண்ணெய்க்கு, ஒரு கை தண்ணீருக்கு, ஒன்றும் விடாமல் சொன்னார். நான் இதை அண்ணிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர், "தட்டு நல்லா ஆறியிருந்துச்சாமா?" என்று மட்டும் கேட்டார்.

இன்று வெள்ளிக்கிழமை. விடிந்ததும் அம்மா எண்ணெய்ப் போத்தலை அடுப்போரம் வைத்திருந்தார். பஸ் மாலையில்தான் வரும் என்று சொன்னால் கேட்கவில்லை. மாலையில் ரொட்டி சுட உட்கார்ந்தவர், நான் எண்ணெயை அளந்து ஊற்றுவதைப் பார்த்துப் பொறுக்காமல், "கையச் சுருக்காம ஊத்துடி, படிச்சவங்க வர்றாங்க!" என்றார். லயம் முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னார்.