சுறா எண்ணெய் பூசிய கார்

உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்று, வள்ளத்துக்குப் பூசுவதுபோல எங்கள் பழைய காரின் அடிப்பாகம் முழுக்கச் சுறா எண்ணெய் பூசிவிட்டார் என் கணவர். காரைப் பரிசோதிக்க வந்த வெள்ளைக்காரத் துரை நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்தினார். குனிந்தும் பார்க்கவில்லை, ஓட்டியும் பார்க்கவில்லை. கார் ஓடத் தகுந்தது என்ற சான்றிதழை மட்டும் நீட்டிவிட்டுப் போனார்.

அந்தத் தெம்பில் கைப்பிள்ளையோடு உடனே புறப்பட்டோம். கடற்கரை வீதியில் கழுதைக் கூட்டம் குறுக்கே வந்தது. பிரேக் பிடிக்கவில்லை, எண்ணெய் அதற்குள்ளும் இறங்கியிருந்தது. "பிள்ளையை இறுக்கிப் பிடி!" என்று கத்தியபடி அவர் காரைத் திருப்பினார். சேற்றில் புதைந்து நின்றதால் தப்பினோம்.

"சான்றிதழ் இருக்குத்தானே, ஏன் பயப்பிடுறாய்?" என்று இப்பவும் கேட்கிறார். முதலில் முற்றத்தில் தனியே ஓட்டச் சொல்வேன். "நிப்பாட்டுங்கோ" என்றதும் கார் நின்றால்தான் பிள்ளையோடு ஏறுவேன்.